சுமை யார் தலையில்? மது உரிமங்களும் மக்களின் ஆட்சேபனை உரிமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை நான் இன்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மது விற்பனை சட்டப்படி நடக்கும் ஓர் ஊரில், ஒரு தெருவுக்கு மதுக்கடையோ மதுக்கூடமோ வரப்போகிறது. அந்தத் தெருவில் வாழ்பவர் “இங்கே வேண்டாம்” என்று சொல்ல விரும்புகிறார். அவர் சொல்வதற்கு வழி இருக்கிறதா? அந்த வழி, கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணால் நடக்க முடிந்த வழிதானா? இவை மட்டுமே இன்று என் கேள்விகள்.

ஆட்சேபிக்கும் உரிமையை ஏட்டில் எழுதிவைப்பது எளிது. அதைப் பயன்படுத்த ஒருவர் ஆறு சுமைகளைத் தூக்க வேண்டியிருக்கிறது. கடை வரப்போவதை முதலில் அறிய வேண்டும். அது பற்றிப் பேசத் தனக்குத் தகுதி உண்டு என்று காட்ட வேண்டும். சட்டம் ஏற்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். சரியான இடத்தில், சரியான நாளுக்குள் மனுவைச் சேர்க்க வேண்டும். நடுநிலையான ஒருவர் முன் தன் பேச்சு கேட்கப்படும் என்று நம்ப முடிய வேண்டும். கடை திறந்துவிட்டால், அதற்குப் பிறகும் சளைக்காமல் நிற்க வேண்டும்.

நடைமுறையை எளிமையாக்குவது என்றவுடன் நம் அலுவலகங்கள் படிவத்தைச் சுருக்குகின்றன, இணையத்தில் ஒரு பக்கம் திறக்கின்றன. அவை நல்லவைதான். ஆனால் இந்த ஆறு சுமைகளும் குடியிருப்பவர் தலையிலேயே இருக்கும்வரை, படிவம் ஒரு பக்கமானால் என்ன, நாலு பக்கமானால் என்ன? உண்மையான எளிமை என்பது சுமையை இடம் மாற்றுவது. உரிமத்தால் லாபம் பெறுபவர் மீதும், உரிமம் வழங்கும் அலுவலகத்தின் மீதும் அந்தச் சுமைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பது. இதுவே என் வாதம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கலிஃபோர்னியா, மகாராஷ்டிரா ஆகிய இடங்களின் அனுபவத்தை வைத்து இதை ஆறு கூறுகளாக விளக்குகிறேன். இடையிடையே நம் தமிழ்நாட்டின் நிலையையும் பார்ப்போம்.

1. அறிந்துகொள்ளும் சுமை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1552 முதல் உள்ளூர் நீதிபதிகளின் கையில் இருந்த மது உரிம அதிகாரம், 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தால் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. அச்சட்டம் 2005 நவம்பரில் முழு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உரிமம் கேட்பவர் தன் கடை வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்ட வேண்டும். அந்தத் தாளைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நிறம் வெளிர்நீலம். அளவு ஏ4-க்குக் குறையக் கூடாது. கறுப்பு எழுத்து, 16 புள்ளிக்குச் சிறிதாகக் கூடாது. வெளியே நிற்பவர் சிரமமின்றிப் படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய வளாகமாக இருந்தால், சாலையை ஒட்டிய பக்கமெல்லாம் 50 மீட்டருக்கு ஒரு தாள். யார் கேட்கிறார், என்ன விற்கப் போகிறார், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது குற்றம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். எல்லாம் விண்ணப்பதாரர் செலவில்.

நிறத்தையும் எழுத்தின் அளவையும்கூடச் சட்டம் ஏன் சொல்கிறது? சொல்லாவிட்டால் அந்த அறிவிப்பு கதவிடுக்கில் பொடி எழுத்தில் ஒட்டப்படும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அங்கே ஒரு குறை உண்டு. அண்டை வீடுகளுக்குத் தனித்தனியே தெரிவிக்கும் கடமை அச்சட்டத்தில் இல்லை. ஸ்காட்லாந்து அதைச் சேர்த்துக்கொண்டது. 4 மீட்டருக்குள் இருக்கும் அண்டை இடத்தாருக்கும், அப்பகுதியின் சமுதாய மன்றத்துக்கும் அங்கே தகவல் போக வேண்டும். கலிஃபோர்னியா இன்னும் தாராளமானது. வாசலில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவதோடு, புதிய சில்லறை விற்பனை இடமாக இருந்தால் 500 அடி தூரத்துக்குள் குடியிருப்போருக்கு விண்ணப்பதாரரே அஞ்சலில் தெரிவிக்க வேண்டும்.

நம் ஊர்களில் எப்படித் தெரிகிறது? பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குக் கம்பி வலை அடிக்க ஆள் வருகிறார். “என்ன கடை வருது?” என்று கேட்கும்போது, வேலை செய்பவர் வாயால்தான் தெரு அறிந்துகொள்கிறது. அப்போது வாடகை பேசி முடிந்திருக்கும், உத்தரவு கையில் இருக்கும். முடிவுக்குப் பின் வரும் ஆட்சேபனை முடிவை மாற்றக் கேட்கும் ஆட்சேபனையாகிவிடுகிறது. அதற்கு இரண்டு மடங்கு பலம் தேவை.

2. தகுதியைக் காட்டும் சுமை

இங்கிலாந்தில் 2012 வரை, கடையின் சுற்றுப்புறத்தில் வாழ்பவரோ தொழில் செய்பவரோ மட்டுமே ஆட்சேபிக்க முடிந்தது. சுற்றுப்புறம் என்றால் எத்தனை அடி? அந்தக் கேள்வியிலேயே காலம் வீணானது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. இப்போது எவரும் எழுதலாம். வெறும் தொல்லை தருவதற்காக எழுதப்பட்டதையும் பொருளற்றதையும் மன்றமே தள்ளுபடி செய்யலாம்.

இது சரியான திருத்தம். ஒரு மதுக்கடையால் பாதிக்கப்படுபவர் அதன் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அல்லர். இரவுப் பணி முடிந்து அந்த நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும் செவிலியர் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தாய் ஒரு கிலோமீட்டர் தள்ளி வசிக்கலாம். அவர்களைத் தகுதியில்லை என்று வாசலிலேயே நிறுத்துவதைவிட, உள்ளே விட்டுக் காரணத்தை எடைபோடுவது நேர்மையானது, சுலபமானதும்கூட.

3. காரணம் சொல்லும் சுமை

மக்களின் மனு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இங்கிலாந்துச் சட்டத்தில் நான்கு நோக்கங்கள்: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. ஆட்சேபனை இவற்றில் ஒன்றைத் தொட வேண்டும். “குடி குடியைக் கெடுக்கும்” என்று எழுதினால் அது உண்மையாக இருந்தும் கணக்கில் வராது. “கடையின் வாசல் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் அங்கே இறங்குகிறார்கள்” என்று எழுதினால் அதே தாயின் அதே கவலை கணக்கில் வரும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லாததால் எத்தனை நியாயங்கள் குப்பைக்குப் போயிருக்கும்!

ஸ்காட்லாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நான்கோடு பொதுச் சுகாதாரத்தைக் காப்பதையும் மேம்படுத்துவதையும் ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்தது. ஒரு பகுதியில் ஏற்கெனவே கடைகள் மிகுதி என்பதையே மறுப்புக்குக் காரணமாகவும் ஏற்றது. கலிஃபோர்னியா அந்த மிகுதிக்கு அளவுகோல் வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஆட்களுக்கு இத்தனை உரிமம் என்ற விகிதம் மாவட்ட விகிதத்தைத் தாண்டினாலும், அந்தக் காவல் பகுதியில் பதிவாகும் குற்றங்கள் சராசரியைவிட 20 விழுக்காடு கூடுதலாக இருந்தாலும், அங்கே உரிமங்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதாகச் சட்டம் கொள்கிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொரு கடை பொதுமக்களுக்கு வசதிக்காகவோ தேவைக்காகவோ வேண்டும் என்று நிலைநாட்டினால்தான் உரிமம்.

இதில் கவனிக்க வேண்டியது, எண்கள் எல்லாம் அரசின் ஏடுகளிலேயே இருக்கின்றன என்பது. குடியிருப்பவர் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் விதிகளிலும் அளவுகள் உண்டு. வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் என்கின்றன 2003-ஆம் ஆண்டுச் சில்லறை விற்பனை விதிகள். ஆனால் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளப்பது யார்? ஊர் அளந்தால் 90 மீட்டர், அலுவலகம் அளந்தால் 110 மீட்டர் என்று தகராறு வருகிறது. கடை வைக்க விரும்புபவரே நில அளவர் கையொப்பமிட்ட வரைபடத்தை விண்ணப்பத்தோடு வைக்கட்டும்; அது வாசலில் ஒட்டப்படட்டும். அப்போது ஊரார் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டாம், தவறு இருந்தால் சுட்டிக்காட்டினால் போதும்.

4. கொண்டு சேர்க்கும் சுமை

திங்கட்கிழமை காலை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாற்றம் கேட்பவர், முதியோர் உதவித்தொகை கேட்பவர், தண்ணீர்க் குழாய் கேட்பவர் இவர்களோடு, தங்கள் தெருவுக்கு மதுக்கடை வேண்டாம் என்று வந்த பெண்களும் வரிசையில் நிற்பார்கள். கையில் கசங்கிய வெள்ளைத் தாளில் எழுதிய மனு. அடியில் கையொப்பங்களும் கைநாட்டுகளும். மனு எண்ணோடு ஒரு ரசீது கிடைக்கும். அதன் பிறகு மனு துறைக்குத் துறை நகரும். கடைசியில் கடையைப் பற்றிய விளக்கம் கடையை நடத்தும் நிறுவனத்திடமிருந்தே கேட்கப்படும்போது, பதில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர்கள் அவர்கள்.

கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு. மதுபானக் கட்டுப்பாட்டுத் துறைக்கே நேராக அனுப்பலாம். காலக்கெடு வாசல் அறிவிப்பிலிருந்து 30 நாள். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஒரே வாசல், ஒரே கெடு, கெடுவுக்குள் வந்ததற்குத் தனி எண்: இந்த மூன்றும் இருந்தால் பாதிச் சுமை குறையும். பொதுக் குறைகளின் குவியலில் மது உரிம ஆட்சேபனையைக் கலக்கக் கூடாது, ஏனென்றால் இதற்கு நாள் முக்கியம்.

இன்னொரு சுமை அச்சம். ஆட்சேபித்தவரின் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரர் கைக்குப் போகும் என்பது இங்கிலாந்தில் பொது விதி. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு அது தேவை. ஆனால் மிரட்டலுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கும் அபூர்வ நிலைகளில் அந்த விவரங்களை மறைக்கலாம் என்று அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஒரே தெருவில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த நம் கிராமங்களில் இந்தப் பாதுகாப்பு இன்னும் தேவை. காரணத்தை விண்ணப்பதாரர் அறியட்டும், வீட்டு எண்ணை அறிய வேண்டியதில்லை.

5. நடுவரை நம்பும் சுமை

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பின், கலிஃபோர்னியாவில் மது உரிமம் வழங்கும் அதிகாரம் மாநில வரி வாரியத்திடம் இருந்தது. வரி வசூலிக்கும் கையே உரிமமும் கொடுத்தது. 1950-களின் தொடக்கத்தில் உரிமங்களில் நடந்த முறைகேடுகளைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. வாரிய உறுப்பினர் வில்லியம் பொனெல்லி குற்றச்சாட்டுக்கு உள்ளாகி மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். 1954-இல் வாக்காளர்கள் மாநில அரசமைப்பையே திருத்தினார்கள். 1955 ஜனவரி 1 முதல் உரிமம் வழங்கத் தனித் துறை. அதன் முடிவின் மேல் முறையிடத் தனி வாரியம்.

வருவாயையும் உரிமத்தையும் பிரிக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் நமக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் தனியுரிமை. விற்பது அரசு, வருவாய் பெறுவது அரசு, இடத்தை அனுமதிப்பது அரசு, ஆட்சேபனையைக் கேட்பதும் அரசு. இதில் எந்தத் தனி அலுவலரின் நேர்மையையும் நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு நேர்மையான அலுவலராக இருந்தாலும், தன் அரசின் வருவாய்க்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லும் நிலையில் அவரை நிறுத்துவது அவருக்கும் நியாயமில்லை, மனு கொடுத்தவருக்கும் நியாயமில்லை. தனியார் நடத்தும் நட்சத்திர விடுதி மதுக்கூடங்களும் மனமகிழ் மன்றங்களும் வேறு விதிகளின்கீழ் உரிமம் பெறுகின்றன. அங்கும் மக்கள் கேட்பது இதே நடுநிலையைத்தான்.

கேட்பவர் யார் என்பதோடு எப்படிக் கேட்கிறார் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் ஓர் ஆட்சேபனை முறையாக வந்துவிட்டால், கெடு முடிந்த 20 வேலை நாட்களுக்குள் மன்றத்தின் துணைக்குழு இரு தரப்பையும் நேரில் கேட்கத் தொடங்க வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். ஆட்சேபனையே வராவிட்டால் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவர் எழுதும் ஒரு கடிதம்தான் விசாரணைக்கு வழி திறக்கிறது என்றால், அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். பல வழக்குகளில் உரிமம் மறுக்கப்படுவதில்லை. மூடும் நேரம் முன்னதாக மாறும், வாசல் வேறு பக்கம் திரும்பும், வெளியே நின்று குடிக்கத் தடை வரும். தெருவுக்கு அதுவும் வெற்றிதான்.

6. திறந்த பின்னும் தொடரும் சுமை

இங்கிலாந்தில் கடை திறந்த பிறகும் எவரும் எப்போதும் அதன் உரிமத்தை மறுஆய்வு செய்யக் கோரலாம். முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் செலவு தன் மேல் விழுமோ என்ற பயத்தில் சாதாரண மனிதர் தயங்குகிறார். ஸ்காட்லாந்தில் உரிமத் தர அலுவலர் என்று ஒருவர் உள்ளாட்சியில் இருக்கிறார். விளக்கம் சொல்வது, கண்காணிப்பது, கடைக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே சமரசம் பேசுவது அவர் வேலை. நீதிமன்றப் படிக்கு முன்னால் இப்படி ஒரு மனிதர் இருப்பது பெரிய ஆறுதல்.

மகாராஷ்டிரா வேறு வழியில் போனது. அங்கே 2008-ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒரு கிராமத்தின் அல்லது வார்டின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கோரினால் கடையை மூடுவது குறித்து ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கும் பாட்டில், சாய்ந்த பாட்டில். எழுத்தறியாத பாட்டியும் எது எதுவென்று ஒரு பார்வையில் அறிவார். ஊரின் முடிவை ஊரிலேயே, பெண்களின் கையிலேயே கொடுத்த அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பட்டியலில் உள்ள மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் சாய்ந்த பாட்டிலுக்கு வாக்களிக்க வேண்டும். அன்று வேலைக்குப் போனவர், கணவனுக்குப் பயந்து வராதவர், பிழைப்புக்காக வெளியூர் போனவர் எல்லாரும் கடைக்கு ஆதரவாக எண்ணப்படுகிறார்கள். சுமை மறுபடியும் பெண்கள் தலைக்கே திரும்பிவிடுகிறது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்று ஒரு சொல்லை மாற்றினால் அந்தச் சட்டம் மேலும் நியாயமாகும்.

இனி இதற்கு எதிரான வாதத்தைப் பார்ப்போம். ஆட்சேபனையை எளிதாக்கினால் போட்டி வியாபாரிகள் ஆளை ஏவி மனு போடுவார்கள், முடிவு இழுத்தடிக்கும், வேண்டாதவர் தொழிலை முடக்க இது கருவியாகும் என்கிறார்கள். இந்தக் கவலை பொய்யன்று. ஆனால் இதற்கு மருந்தும் நான் சொன்னவற்றிலேயே இருக்கிறது. ஆட்சேபிக்கக் கெடு உண்டு, முடிவெடுக்கவும் கெடு உண்டு. ஏற்கத்தக்க காரணங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. தொல்லைக்காக வரும் மனுவைத் தள்ள அதிகாரம் உண்டு. முதலீடு செய்யும் முன்பே தன் இடம் நிற்குமா என்று தெரிந்துகொள்வது, கடை திறந்த பிறகு முற்றுகையைச் சந்திப்பதைவிட வியாபாரிக்கும் நல்லது.

முன்கூட்டிக் கேட்காததன் விலையை நாம் 2017-இல் கண்டோம். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தமிழ்நாடு எதிர் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் அதை 220 மீட்டராகத் திருத்தியது. நெடுஞ்சாலையில் மூடப்பட்ட கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடப்பட்டது. சாலையில் போவோரைக் காக்க வந்த தீர்ப்பு, தெருவில் வாழ்வோர் வாசலுக்குக் கடையைக் கொண்டுவந்து நிறுத்தியது. மாநிலம் முழுவதும் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள், கடைகளை முற்றுகையிட்டார்கள், கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். சாலையில் உட்காரும் முன் அவர்கள் சொன்னதைக் கேட்க ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்திருந்தால், அந்த வெயிலில் பலர் உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள்.

ஆகவே, நம் மாநிலத்துக்கு நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. எந்த மதுக்கடைக்கும் மதுக்கூடத்துக்கும் மனமகிழ் மன்றத்துக்கும் உத்தரவு கொடுக்கும் முன், அந்த இடத்தின் வாசலிலும் ஊராட்சி அல்லது வார்டு அலுவலகத்திலும் பெரிய எழுத்தில், தமிழில், 30 நாள் அறிவிப்பு இருக்க வேண்டும். அதோடு தூரத்தைக் காட்டும் வரைபடம் ஒட்டப்பட வேண்டும். அங்கே வாழ்வோரும் வேலை செய்வோரும் படிப்போரும் வழியாகச் செல்வோரும் ஆட்சேபிக்கலாம். காரணங்கள் பட்டியலிடப்பட்ட ஒரு பக்கப் படிவம் ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் கிடைக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தை ஏற்காவிட்டால், ஏற்காததற்குக் காரணத்தை அடுத்த கிராம சபையில் படிக்க வேண்டும். வருவாய்க்கும் விற்பனைக்கும் தொடர்பில்லாத மூவர் குழு விசாரிக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை அந்த ஊரிலேயே, மாலையில், வேலை முடிந்து வருபவர் கலந்துகொள்ளும் நேரத்தில் நடக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆட்சேபிப்பவருக்கு இலவச உதவி தர வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. போதை தரும் பானங்களின் பயன்பாட்டைத் தடுக்க முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47-ஆம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது. அந்தக் கடமையை எவ்வளவு நிறைவேற்றுவது என்பதில் கட்சிக்குக் கட்சி கருத்து மாறலாம். ஆனால் கடை எங்கே வரலாம் என்று அந்தத் தெருவைக் கேட்பதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பு இருக்க நியாயமில்லை.

இந்த அவையில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராம சபை நாளில் உங்கள் ஊருக்குப் போங்கள். அங்கே எழும் குரலை, சட்டம் ஏற்கும் காரணமாகவும் தேதியிட்ட மனுவாகவும் எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள், விடாமல் பதில் கேளுங்கள். சட்டம் மாறும்வரை அந்தச் சுமையில் ஒரு பங்கை நீங்கள் தூக்குங்கள். சட்டத்தை மாற்றும் இடத்துக்கு நீங்கள் போகும் நாளில், அதை மக்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள்.